நாடகம் படிக்கச் சிறிய பள்ளியா, பெரிய பல்கலைக்கழகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகத்தை முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. டெல்லிக்குப் போவதா, புதுச்சேரியிலேயே படிப்பதா, ஏதாவது ஒரு குழுவோடு சேர்ந்துவிடுவதா, இதெல்லாம் சோறு போடுமா? எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெரியது, சிறியது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

பெயரை வைத்தும் கட்டடத்தை வைத்தும்தான் பெரும்பாலும் சொல்கிறோம். அங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியை எல்லோரும் பெரிய இடம் என்கிறார்கள். 1959இல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கி, 1975இல் தனி அமைப்பாகி, நாட்டிலேயே மிகப் பெயர்பெற்ற நாடகப் பள்ளியாக வளர்ந்தது. ஆனால் அதன் மூன்றாண்டுப் படிப்பில் ஓர் ஆண்டுக்கு 32 பேரைத்தான் எடுக்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளின் எந்த வகுப்பறையிலும் அதைவிடக் கூட்டம் அதிகம்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பெரியது. காலாப்பட்டில் கடலோரமாக விரிந்து கிடக்கும் அந்த வளாகத்தில் நிகழ்கலைத் துறை ஒரு சிறு பகுதி. திருச்சூரிலும் அப்படித்தான். அங்குள்ள நாடகப் பள்ளி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் தேஞ்ஞிப்பலத்தில் இருக்க, நாடகப் பள்ளி திருச்சூரின் அரணாட்டுக்கரையில் தனியாக இயங்குகிறது. ஜி. சங்கரப்பிள்ளை 1977இல் அதைத் தொடங்கியது முதல் ஒரு சிறிய பள்ளிக்குரிய நெருக்கம் அதற்கு உண்டு.

ஆகவே நிறுவனத்தின் அளவை விடுங்கள். உங்களோடு வகுப்பில் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை தயாரிப்புகள், அவற்றில் உங்களுக்கு எத்தனை வேடம், எந்த மொழியில் என்று கேளுங்கள். ஓர் இடம் உங்களுக்குப் பெரியதா சிறியதா என்பதை இந்த விடைகள் சொல்லிவிடும்.

நான் நடிகராக வேண்டும். எங்கே மேடை அதிகம் கிடைக்கும்?

பொதுவாகச் சிறிய இடத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துறையில் ஆண்டுக்கு இரண்டு நாடகங்கள், ஒவ்வொன்றிலும் பேசும் வேடங்கள் பத்து என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து மாணவர்கள் என்றால் எல்லோரும் ஒருமுறையாவது மேடையில் நின்று பேசிவிடலாம். அதே துறையில் முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களுமாக அறுபது பேர் இருந்தால், புதிதாக வந்தவருக்குக் கூட்டத்தில் நிற்கும் வேடம்தான் மிஞ்சும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை நாடக மாணவர்கள் இதே கவலையோடுதான் இடம் தேடுகிறார்கள். முதுகலை நடிப்புப் படிப்பும் உள்ள பெரிய துறைகளில் முக்கிய வேடங்கள் மூத்தவர்களுக்குப் போய்விடும் என்பதால், முதுகலையே இல்லாத சிறு கல்லூரிகளைச் சிலர் தேடிப்போய்ச் சேர்கிறார்கள்.

மேடையேறும் தடவைகளை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நடிப்பை மேடைக்கு வெளியே ஓரளவுக்குத்தான் கற்க முடியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியில் டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். பாடத்திட்டமோ பட்டமோ அங்கே இல்லை. பாட்டும் வசனமும் மனப்பாடம், கடுமையான ஒத்திகை, ஊர் ஊராக நாடகம். அந்தக் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட அடியும் துயரமும் திரும்பி வரவே கூடாதவை. ஆனாலும் தொடர்ந்து மேடையேறியதில் கிடைத்த தேர்ச்சி வேறெதிலும் கிடைத்திருக்காது.

இன்று அந்தத் தொடர்ச்சியை மனிதத்தன்மையோடு தரும் இடங்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கர்நாடகத்தின் ஹெக்கோடு. சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, 1980இல் ஒரு நாடகப் பள்ளியைத் திறந்தது. படிப்பு ஏறத்தாழ பத்து மாதம். 1985இல் ‘திருகாட்ட’ என்ற ஊர்சுற்றும் நாடகக் குழுவும் சேர்ந்துகொண்டது. அந்தக் குழு ஓர் ஊருக்குள் வந்து இறங்குவதைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்குவதும் விளக்குகளைக் கட்டுவதும் திரையைத் தூக்குவதும் நடிகர்களேதான். மாலையில் அவர்களே அரிதாரம் பூசிக்கொண்டு நடிப்பார்கள். நாடகம் முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். ஒரே நாடகத்தை நேற்று நகர அரங்கில், இன்று பள்ளிக்கூட மைதானத்தில், நாளை வேறொரு ஊரின் கல்யாண மண்டபத்தில் நடிக்கும்போது குரல் தானாகத் திருந்தும். எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் கூட்டம் நெளியும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

அப்படியானால் பெரிய இடத்துக்குப் போகவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. நடிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெரிய இடம் வேண்டியிருக்கிறது. நடிகருக்கும்கூட, பார்ப்பதற்கு நிறைய நாடகங்கள் வேண்டும்.

ஒளியமைப்பு, அரங்க அமைப்பு, உடை வடிவமைப்பு, இயக்கம் ஆகியவற்றைப் படிக்க நினைப்பவர் கருவிகள் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். நான்கு விளக்குகளை வைத்துக்கொண்டு ஒளியமைப்பின் மனநிலையைக் கற்கலாம். தொழிலைக் கற்க முடியாது. தேசிய நாடகப் பள்ளியில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. அதன் பிறகு நடிப்பு, இயக்கம், வடிவமைப்பு என்று பிரிகிறார்கள். தச்சுப் பட்டறை, உடைப் பிரிவு, நூலகம், ஒன்றுக்கு மேற்பட்ட அரங்குகள் எல்லாம் ஒரே வளாகத்தில் உண்டு. 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்த இப்ராகிம் அல்காசி, நாடகம் என்றால் நடிப்பு மட்டும் என்ற எண்ணத்தையே அங்கே உடைத்துப் போட்டார். மேடையைத் துடைப்பது முதல் ஓவியம் பார்ப்பது வரை எல்லாம் பயிற்சியாயிற்று.

வாசலைத் தாண்டினால் மண்டி ஹவுஸ் வட்டாரம். கமானி அரங்கு, ஸ்ரீராம் மையம், எல்.டி.ஜி. அரங்கு எல்லாம் நடந்து போகும் தூரம். பள்ளி 1999 முதல் நடத்திவரும் பாரத் ரங் மகோத்சவம் என்ற நாடக விழாவில் மணிப்பூரிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் நாடகங்களை மாணவராக இருக்கும்போதே பார்த்துவிடலாம். இருபது வயதில் பார்த்த நல்ல நாடகம் ஐம்பது வயதுவரை கூடவே வரும். திருச்சூரில் படிப்பவர்களுக்கும் இந்த நல்வாய்ப்பு உண்டு; கேரள சங்கீத நாடக அகாதெமியின் சர்வதேச நாடக விழா அந்த ஊரிலேயே நடக்கிறது.

டெல்லிக்குப் போனால் இந்தியில் நடிக்க வேண்டுமாமே?

ஆம். இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். விண்ணப்பிக்கும்போது பலர் இதை யோசிப்பதே இல்லை.

தேசிய நாடகப் பள்ளியில் மேடை மொழி பெரும்பாலும் இந்தி. ஹெக்கோட்டில் கன்னடம். திருச்சூரில் மலையாளம். தமிழ் மேடைக்குத் திரும்ப நினைக்கும் நடிகர் இதை நன்றாக எடைபோட வேண்டும். ல, ள, ழ மூன்றையும் கடைசி வரிசைவரை பிசிறில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், நீண்ட வசனத்தில் மூச்சை எங்கே விடுவது என்று தெரிந்திருப்பதும் தமிழில் பேசிப் பேசித்தான் வரும். மூன்றாண்டுகள் வேறு மொழியில் வாயைப் பழக்கியவர் திரும்பி வந்து இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் இதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதவர்கள் இருந்திருக்கிறார்கள். அங்கே படித்துத் திரும்பிய சே. இராமானுஜம்தான் 1970களின் இறுதியில் காந்திகிராமத்தில் நடந்த பயிற்சிப் பட்டறை மூலம் தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தலைமுறையைத் திரட்டித் தந்தார்; பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் ஆசிரியராக இருந்தார். நடிகர் சண்முகராஜனும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான். கே.எஸ். ராஜேந்திரன் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். இயக்கமோ வடிவமைப்போ உங்கள் நாட்டமானால் மொழியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நடிகரானால், முதலில் தமிழில் சில ஆண்டுகள் மேடையேறிவிட்டுப் போங்கள் என்பேன். வேர் பிடித்த பிறகு எந்த மொழியும் கூடுதல் பலம்தான்.

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் இயல்பான மதிப்பு இருக்கிறது. அங்குள்ள நிகழ்கலைத் துறை சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நாடகப் பள்ளியாகத்தான் தொடங்கியது. முதலில் பொறுப்பேற்று உருவாக்கியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. பிறகு கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் நாட்டார் கலைகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் பல மாநில மாணவர்கள் வருகிறார்கள். வெளியே வந்தால் தமிழ் ஊர், தமிழ்ப் பார்வையாளர்கள்.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். உடனே நாடகம் படிக்கலாமா?

படிக்கலாம், வழிகள் குறைவு. திருச்சூரில் இளநிலைப் படிப்பே இருக்கிறது. தேசிய நாடகப் பள்ளிக்குப் பட்டம் வேண்டும். அதோடு குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவத்தையும் கேட்கிறார்கள். புதுச்சேரியின் முதுகலைக்கும் பட்டம் வேண்டும், பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

என் கருத்து: நல்ல நாடகக் குழு நடமாடும் ஊரில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேருங்கள். தமிழ் இலக்கியமோ வரலாறோ உளவியலோ எதுவானாலும் நாடகத்துக்கு உதவும். மாலைகளை ஒத்திகைக்குக் கொடுங்கள். மூன்றாண்டில் பட்டமும் கிடைக்கும், ஆறு நாடகமும் கணக்கில் சேரும், உண்மையிலேயே இது வேண்டுமா என்பதும் தெளிந்துவிடும்.

கல்லூரியே வேண்டாம், ஒரு குழுவில் சேர்ந்தால் போதாதா?

நடிகருக்குப் பல நேரம் போதும். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பட்டம் எதையும் கொடுக்கவில்லை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கே பயின்றவர்களின் நடிப்பே அதற்குச் சான்று. முழுநேர நடிகர்களை வைத்து, உடம்பையும் குரலையும் நாள்தோறும் பயிற்றுவிக்கும் முறையை அவர்கள் விடாமல் நடத்தினார்கள். ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தியில் மூச்சு, தாளம், உணர்ச்சி மூன்றையும் இணைத்துக் கற்றுத்தரும் குறுகிய காலப் பட்டறைகள் நடக்கின்றன. அவர் 2014இல் மறைந்த பிறகும் வினய் குமாரும் குழுவினரும் தொடர்கிறார்கள். வெளிமாநிலங்களிலிருந்து தேடி வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாமும் போகலாம்.

ஆனால் சில நாள் பட்டறை ஒன்றை முடித்துவிட்டுப் பயிற்சி பெற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அது கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

தெருக்கூத்து கற்க எந்தப் பல்கலைக்கழகம்?

கூத்துக்கு வாத்தியாரிடம்தான் போக வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளில் அறிமுகம் கிடைக்கும். கூத்தைப் பற்றிப் படிக்கலாம், எழுதலாம். விடிய விடிய ஆடும் மூச்சும், தாளம் தப்பாமல் அடவு பிடித்துக்கொண்டே பாடும் குரலும் ஜமா எனப்படும் கூத்துக் குழுவோடு ஊர் ஊராகப் போனால்தான் வரும். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் இன்றும் ஆடுகிறார்கள், கற்றுத்தருகிறார்கள். கூத்துப்பட்டறை நடிகர்களும் அங்கேதான் போய்க் கற்றார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் கற்றார்கள். அதில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள் என்பது கூத்தின் வரலாற்றில் பெரிய நிகழ்வு.

பட்டம் இல்லாவிட்டால் வேலை கிடைக்குமா?

மேடையிலும் திரையிலும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் கேட்பார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் நிகழ்கலை ஒரு பாடம். ஆசிரியர் தகுதிக்காக அதை எழுத முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இந்த வழியில் போக நினைப்பவருக்குப் புதுச்சேரி போன்ற பல்கலைக்கழகப் படிப்பு நேரடியாகப் பயன்படும். தேசிய நாடகப் பள்ளி தருவது பட்டயம்தான் என்றாலும், ஆசிரியர் பணிக்கு அதை முதுகலைக்கு நிகராக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிகளில் நாடகம் கற்பிப்பது, குழந்தைகள் நாடகம், ஒளியமைப்பு, பின்னணிக் குரல், நிறுவனங்களுக்கான பயிற்சி என்று நாடகம் படித்தவர்கள் பல வேலைகளைச் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். மாதம் முதல் தேதி சம்பளம் என்ற உறுதி பெரும்பாலோருக்கு இருக்காது. இதைத் தெரிந்துகொண்டே பிள்ளையை அனுப்புங்கள். தெரியாமல் அனுப்பிவிட்டு இரண்டாம் ஆண்டில் சண்டை போடாதீர்கள்.

செலவு?

பலரும் நினைப்பதற்கு மாறாக, பெயர்பெற்ற அரசு நிறுவனங்களில்தான் செலவு குறைவு. தேசிய நாடகப் பள்ளியில் மாணவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையே தருகிறார்கள். அதனால் குடும்பத்தில் பணம் இல்லை என்ற காரணத்துக்காக அந்த விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். ஏற்கெனவே ஐந்தாண்டு பயிற்சி பெற்ற, 18 முதல் 25 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5000 ரூபாய் வீதம் இரண்டாண்டு தரும் உதவித்தொகையில் நாடகமும் அடக்கம். பெருநகரத் தனியார் பள்ளிகளில் கட்டணம் அதிகம். கடன் வாங்கிச் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நாடக வருமானத்தில் அந்தக் கடனை அடைப்பது மிகக் கடினம்.

மகளை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. சிறிய இடம்தானே பாதுகாப்பு?

அப்படி நினைத்துவிடாதீர்கள். சிறிய இடத்தில் ஓர் ஆசிரியரின் விருப்பு வெறுப்பே சட்டமாகிவிடும் அபாயம் உண்டு. வேடம் கொடுப்பவரும் மதிப்பெண் போடுபவரும் புகாரைக் கேட்பவரும் ஒருவராகவே இருந்தால், ஒரு பெண் எங்கே போய் முறையிடுவாள்? ஒத்திகை என்பது உடம்போடு உடம்பாக வேலை செய்யும் இடம். இரவு நீளும் இடம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இருக்கிறதா, உறுப்பினர்கள் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறதா, வெளியாள் ஒருவர் அதில் இருக்கிறாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் மகளையும் சேர்க்க வேண்டாம், மகனையும் சேர்க்க வேண்டாம். தொட்டுத் திருத்தும் முன் ஆசிரியர் மாணவரிடம் கேட்கிறாரா என்பதை ஒரு வகுப்பை வெளியிலிருந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

நேரில் போய்ப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மாணவர்கள் போடும் நாடகம் ஒன்று நடக்கும் நாளில் போங்கள். நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடைகள் பெயர் ஒட்டித் தொங்குகின்றனவா, மூலையில் குவிந்து கிடக்கின்றனவா? ஒளிப்பலகையில் மாணவர் உட்கார்ந்திருக்கிறாரா, வெளியிலிருந்து வாடகைக்கு வந்தவரா? ஒத்திகைத் தரை மரமா, வெறும் சிமென்டா? சிமென்டுத் தரையில் மூன்றாண்டு குதித்தால் முழங்கால் என்னாகும் என்பதை மூத்த நடிகர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நாடகம் தொடங்கியதும் முக்கிய நடிகரை விட்டுவிட்டு, வசனமே இல்லாமல் ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா? அவர் கண் உயிரோடு இருக்கிறதா? நல்ல பயிற்சி அங்கேதான் தெரியும். முடிந்ததும் கடந்த இரண்டாண்டு நாடகங்களின் நடிகர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதே நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் ஐந்தாவது ஆளாக இல்லாதவரை அந்த இடம் உங்களுக்குப் பயன்படாது.

இலங்கையில் இருக்கிறோம். எங்களுக்கு?

உங்களுக்கு அடித்தளம் எங்களைவிடப் பலமானது. அங்கே நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. உயர்தரத்தில் அதை எடுத்துவிட்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வரலாம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அளவில் சிறியது. பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்கள் கூத்தை நவீன அரங்கோடு இணைத்துச் செய்த பணியின் தொடர்ச்சி அந்த மண்ணில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் அரங்கப் பணி விட்டுச்சென்ற மரபும் அப்படியே. தமிழில் நாடகம் கற்க அவ்விரண்டு ஊர்களையும் விட்டு வெளியே வரத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள்.

தேர்வில் இடம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள். 32 இடங்களுக்கு நாடு முழுவதும் போட்டி. முதல்முறை கிடைக்காதவர்கள் ஏராளம். இடைப்பட்ட ஓராண்டில் ஒரு குழுவில் சேர்ந்து ஒரு நாடகத்திலாவது முழுமையாக இருங்கள்: முதல் வாசிப்பிலிருந்து கடைசி நிகழ்ச்சி முடிந்து பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் வரை. சிறிய வேடமென்றாலும் சரி, திரை இழுக்கும் வேலையென்றாலும் சரி. வாரம் ஒரு நாடகப் பிரதியைச் சத்தமாகப் படியுங்கள். நேர்காணலில் சென்ற ஆண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒன்று இருக்கும்.